உறைந்த மருந்து

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த கிளினிக்கில் சாமி படத்தைக்கூட யார் வேண்டுமானாலும் தொட்டுத் துடைக்கலாம். சிஸ்டரின் ஃபிரிட்ஜை மட்டும் தொடக் கூடாது. வாங்கிப் போட்டவர் டாக்டர்தான். அவரே ஒரு சித்திரை வெயிலில் மோர் பாட்டிலை அதற்குள் வைக்கப் போனபோது, "சார், இது தடுப்பூசி வைக்கிற பெட்டி. மோருக்கு நான் பானை வாங்கியாந்து தர்றேன்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே பாட்டிலோடு திரும்பிப் போனார். மறுநாள் காலை நிஜமாகவே ஒரு மண்பானை வந்து அவர் அறையில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் தடுப்பூசிக் குப்பிகள், அவற்றுக்கு நடுவே ஒரு தெர்மாமீட்டர். காலையிலும் மாலையிலும் அது காட்டும் டிகிரியை ஒரு நோட்டில் எழுதுவார். இரண்டுக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே போகக் கூடாது. ஒருமுறை அவர் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் என்னைப் பார்க்கச் சொன்னார். டோக்கன் கொடுத்துப் பெயர் எழுதுகிற என் மேசையிலிருந்து எழுந்து போக எனக்குச் சோம்பல். "அஞ்சு இருக்கும் சிஸ்டர்" என்றேன்.

"இருக்கும் வேணாம் தம்பி. இருக்கா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். ஐந்துதான் இருந்தது. வந்து சொன்னபோது, "இப்பதான் அது அஞ்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லை என்று அன்று வீட்டில் போய்ப் புலம்பினேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். அதற்குப் பிறகு கிளினிக் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் வாயில் ஒன்றும் படாது. ஐந்தரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பார். பழைய நோயாளிகளுக்கெல்லாம் இது தெரியும். எவ்வளவு அவசரம் என்றாலும் அந்தப் பத்து நிமிஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர், புதிதாக வந்தவர்களை "சித்த இரு, சிஸ்டர் சாப்புட்டுக்கினு இருக்குது" என்று அதட்டி உட்கார வைப்பார்.

அந்தப் பெரியவர்தான் ஒருநாள் அவரை வம்புக்கு இழுத்தார். நிமோனியாவுக்கும் ஃபுளூவுக்கும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி சிஸ்டர் அவரை ஆறு மாதமாக விரட்டிக்கொண்டிருந்தார். தடுப்பூசி எல்லாம் குழந்தைகளுக்குத்தானே, பெரியவனுக்கு ஏது ஊசி என்று அவர் நழுவிக்கொண்டே இருந்தார். வயதாகிவிட்டதென்று கிருமி மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போகுமா என்று சிஸ்டர் கேட்டார். அவர் விடவில்லை. "உங்க ஜாதியில எறும்பைக்கூடக் கொல்லக் கூடாதாமே. ஊசி போட்டு அத்தினி கிருமியையும் கொல்றியே, பாவம் இல்லியா?" என்றார். காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

சிஸ்டரும் சிரித்தார். "ஊசி எங்கங்க கொல்லுது? வாசல்ல ஆள் நிக்க வைக்குது. வர்றவன் யாருன்னு முன்னாடியே போட்டோ காட்டி வைக்குது. கைய நீட்டுங்க" என்றார். பெரியவர் கையை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் தான் தோற்றுப்போனது அவருக்குத் தெரிந்தது.

எங்கள் கிளினிக்குக்கு அப்படிப் பெரியவர்கள் ஊசிக்காகவே வர ஆரம்பித்தார்கள் என்றால் அது அவரால்தான். நர்சிங் படிக்கிற பெண்கள் மஞ்சள் காமாலை ஊசிக்கு வருவார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிற குடும்பத்தார் ஃபுளூ ஊசிக்கு வருவார்கள். புதுச்சேரி அவர்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனாலும் பஸ் ஏறி எங்களிடம் வந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசிக்கு வருகிறவர்கள் மட்டும் வேறு மாதிரி வருவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, என் மேசையைத் தாண்டிப் போய் சிஸ்டரின் காதில் ஏதோ சொல்வார்கள். அவர் பதிலை ஹால் முழுவதும் கேட்கிற மாதிரி சொல்வார். "கர்ப்பப்பை வாய்க்கா? உண்டுங்க. சின்ன வயசுல போட்டா ரொம்ப நல்லது. பாப்பாவுக்கு இன்னா வயசு?" அங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்கள் சட்டென்று கூரையைப் பார்ப்பார்கள். நான் பேனாவைத் தேடுவேன். மெதுவாகச் சொல்லக் கூடாதா சிஸ்டர் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். காது வலி என்று வருகிறவர்கள் மெதுவாகவா சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். பதினைந்து வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்தில் மூன்று தவணை, இருபத்தாறு வயது வரை போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் டாக்டரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும், ஊசி போட்டாலும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனையை விடக் கூடாது என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மனப்பாடம் ஆனதே தவிர, அந்த மருந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

புயலும் வெள்ளமும் வந்த வருஷம் அது. மேல்சித்தாமூரில் தம்பி வீட்டுச் சுவர் விழுந்துவிட்டதென்று சிஸ்டர் ஊருக்குப் போனார். போன அன்றே மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் ஏரி உடைந்து தண்ணீர். போன் டவரும் போய்விட்டது. எட்டு நாள் அவரால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண் தற்காலிகமாக வேலைக்கு வந்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, போகும்போது, சிஸ்டர் வேறு வழியில்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாம் நாள் கரண்ட் போனது. மாலைக்குள் இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. கரண்ட் இல்லையென்றால் கதவைத் திறக்காமல் விடு, நேரமானால் குளிர்பெட்டியில் மாற்று என்று சிஸ்டர் சொன்னதில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருந்தது: மருந்துக்குச் சூடு ஆகாது. மரக்காணம் ரோட்டில் என் மச்சான் மீன் வியாபாரம் செய்கிறான். அவனிடம் ஜெனரேட்டரும் பெரிய டீப் ஃபிரீசரும் உண்டு. எட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது என்றால், இன்னும் கீழே இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

எனக்கு இருந்த ஒரே உறுத்தல் மீன்தான். நயினார் வீட்டு அம்மா கைபடும் மருந்தை வஞ்சிரத்துக்கு நடுவே வைப்பதா? குப்பிகளை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றினேன். புதிதாக ஒரு எவர்சில்வர் சம்படம் வாங்கி அதற்குள் வைத்தேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். ஒரு துளி வாடை உள்ளே போகக் கூடாதென்று அவ்வளவு பாடுபட்டேன். பிறகு அந்தச் சம்படத்தை ஃபிரீசரின் அடியாழத்தில், கல்லாகிக் கிடந்த மீன்களுக்குக் கீழே பத்திரமாகச் செருகினேன். இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் எடுத்து வந்து, துடைத்து, முகர்ந்து பார்த்து, பழைய இடத்தில் அடுக்கிவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சிஸ்டர் திரும்பி வந்த புதன்கிழமை, செருப்பைக் கழற்றியதும் நேராக ஃபிரிட்ஜுக்குத்தான் போனார். ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கி, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நோட்டைப் புரட்டினார். அது அவர் வழக்கம்தான். சிறிது நேரம் கழித்துக் குப்பியைப் பார்த்தவர், குனிந்து மறுபடியும் பார்த்தார். மேலே தண்ணீர் போல் தெளிந்திருந்தது. அடியில் மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. இன்னொன்றை எடுத்துக் குலுக்கி வைத்தார். அதுவும் அப்படியே ஆனது.

யார் இதைத் தொட்டது என்று கேட்டார். வாடை வந்துவிட்டதாக்கும் என்று எனக்கு வேர்த்தது. மச்சான் கடையைப் பற்றி, மூன்று கவரைப் பற்றி, புதுச் சம்படத்தைப் பற்றி, ஒரு செதில்கூடப் படவில்லை என்பதைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன்.

"மீன் பட்டுச்சான்னு நான் கேக்கல தம்பி. உறைஞ்சுதா?"

உறைந்தது என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். இந்த மருந்துகள் ஒருமுறை உறைந்துவிட்டால் செத்துப்போகும், திரும்ப இளகிக் குலுக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே சத்து இருக்காது என்று ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார். என்னைத் திட்டவில்லை. அடுத்து அவர் கேட்ட ஒரே கேள்வி, கரண்ட் வந்த பிறகு இதிலிருந்து எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறது என்பதுதான். ஒன்பது பேர்.

அந்த ஒன்பது பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன். டாக்டர் கெட்டவர் இல்லை. மழையில் கிளினிக்கே முழங்கால் தண்ணீரில் நின்று, அன்றுதான் காய்ந்திருந்தது. போட்டதால் யாருக்கும் கெடுதல் வராது, வெளியே சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்மிடம் வர மாட்டார்கள், மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குவோம் என்றார்.

"கெடுதல் இல்ல சார். நல்லதும் இல்ல. நல்லது நடந்துடுச்சுன்னு அவங்க நெனைச்சுக்கினு இருக்காங்களே" என்றார் சிஸ்டர்.

"இருபது வருஷம் கழிச்சு ஒருத்தருக்கு ஏதாவது வந்தா, இதனாலதான்னு யாருக்குத் தெரியப் போவுது சிஸ்டர்?"

"அதான் சார் நானும் சொல்றேன். யாருக்கும் தெரியாது."

டாக்டர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்பது பேருக்கும் மறுபடி ஊசி எழுதிக் கையெழுத்துப் போடுவதற்காக மருந்துச் சீட்டுக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒன்பது பேரையும் சிஸ்டர் வரிசைப்படுத்திய விதத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளத்தில் காயம்பட்டு டெட்டனஸ் ஊசி போட்டவர்கள் மூன்று பேர், அவர்கள்தான் முதலில். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு மருந்துக் கடையில் அந்த ஊசி கிடைத்தது. அன்று மதியமே என் பைக்கின் பின்னால் குளிர்பெட்டியோடு ஏறிக்கொண்டார். தகரம் கிழித்துக் காலில் தையல் போட்டிருந்த ஒரு விவசாயி, கதையைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஊசி வேலை செய்யலன்னு சொல்றதுக்கா இம்மாந்தூரம் சேத்துல வண்டி ஓட்டிக்கினு வந்தீங்க?" என்று கேட்டு, கையைக் காட்டிவிட்டு, இரண்டு படி மல்லாட்டைக் கடலையும் கட்டிக் கொடுத்தார். எல்லாரும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் எங்களை உள்ளேயே விடவில்லை. சிஸ்டர் வாசலிலேயே நின்று, எங்கள் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள், ஊசி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை சொன்ன பிறகு அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து கையை நீட்டினாள்.

கடைசி வீட்டிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவருடைய டிபன் பாக்ஸ் கிளினிக்கில் திறக்காமல் கிடந்தது. வழியில் ஒரு டீயாவது குடியுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். நாளைக்குக் குடிக்கலாம் என்றார். தப்பு செய்த நான் அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீதியிருந்தவர்களில் ஐந்து பேருக்கு இரண்டு நாள் பொறுக்கலாம். ஒரு பெண்ணுக்குப் பொறுக்க முடியாது. கோட்டக்குப்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது. அவளுடைய அம்மா மூன்று வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த நோயைத் தடுக்கிற ஊசிக்காக அவளுடைய சின்னம்மா அவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டி வந்தார். சொந்த ஊரில் போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், இங்கே எங்களை யாருக்கும் தெரியாது என்று சின்னம்மா என் மேசையருகே நின்று சொன்னார். முதல் இரண்டு தவணையையும் சிஸ்டர் போட்டிருந்தார். மூன்றாவது தவணைதான் என் மச்சான் கடை மருந்து. அவளுக்கு இடையில் கல்யாணம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை மாப்பிள்ளையிடம் துபாய்க்குப் பிளைட். வியாழக்கிழமை மதியம் வீட்டிலிருந்து கிளம்புகிறோம் என்று ஊசி போட வந்தபோதே சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் கொடுத்திருந்த போன் நம்பர் மழைக்குப் பிறகு எடுக்கவே இல்லை. கிடைக்கும்போது சொல்லலாமே, அங்கே துபாயிலேயே போட்டுக்கொள்ளட்டுமே என்றேன். "புதுப் பொண்ணு, புது ஊரு. அந்தப் பையன்கிட்ட எப்பிடிக் கேப்பா? நானா இருந்தா கேக்க மாட்டேன்" என்றார் சிஸ்டர்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனோம். அந்த ஊசி மொத்த வியாபாரிகளிடம்தான் இருக்கும். முதல் கடையில் மருந்தை ஃபிரிட்ஜின் கதவில், மல்லிகைப்பூப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சிஸ்டர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிவிட்டார். இரண்டாவது கடைக்காரர் நடுத்தட்டில் வைத்திருந்தார். மழை நாட்களில் எழுதிய டிகிரி நோட்டையும் எடுத்துக் காட்டினார். அங்கேதான் வாங்கினார். நான் அவசர அவசரமாக ஐஸ் பேக்குகளைப் பெட்டிக்குள் அடுக்கப் போனேன். என் கையைப் பிடித்தார்.

"வேர்க்கட்டும்" என்றார்.

ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே வைத்தால் அதுவே மருந்தை உறைய வைத்துவிடுமாம். மேலே தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் வர வேண்டும். கடை வாசலில் நின்று நாங்கள் அந்த ஐஸ் பேக்குகளுக்கு வேர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் ஆனது. புதுச்சேரி பஸ் ஒன்று போனது, இன்னொன்று போனது. நான் ரோட்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் ஒரு பேக்கை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கீழே வைத்தார். அந்த நிமிஷத்தில்தான், இந்த அம்மா நம்மைப் போல் சாதாரண ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவசரம் அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். என் அவசரம் என்னை ஆட்டியது. அவருடையது அவர் சொன்ன இடத்தில் நின்றது.

புதுச்சேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் கோட்டக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஹாலில் ஒரு பெரிய சூட்கேஸைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தார் பெண்ணின் அப்பா, அவர்கள் வழக்கில் அத்தா. குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். சிஸ்டரை வாசலில் கண்டதும் சின்னம்மா ஓடி வந்து, பெண்ணை வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

சிஸ்டர் உட்காரவில்லை. பெண்ணுக்குப் போன வாரம் போட்ட ஊசி கெட்டுப்போனது, மழையில் எங்கள் கிளினிக்கில் நடந்த தப்பு, அதனால் பாதகம் இல்லை, பாதுகாப்பும் இல்லை, புது மருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று நின்றபடியே சொன்னார். அத்தா சூட்கேஸை இறக்கிவைத்தார்.

"எங்க வூட்டுல எதுனால ஒரு உசுரு போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்ங்க. அதனாலதான் வந்தேன்."

கெட்டுப்போன மருந்தை ஒரு தரம் போட்டவர்களை எப்படி இரண்டாம் தரம் நம்புவது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதைச் செய்தவன் நான்தான் என்று நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதவோரமாகவே நின்றேன். சிஸ்டரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் பையிலிருந்து, மீந்துபோன உறைந்த குப்பி ஒன்றையும் புதுக் குப்பி ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் அத்தாவிடமே கொடுத்துக் குலுக்கச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரி கலங்கலாக இருந்தன. ஜன்னலருகே சாப்பாட்டு மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "என்னை நம்ப வேணாங்க. கால் மணி நேரம் இதைப் பாருங்க" என்றார்.

அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீடே வந்து மேசையைச் சுற்றி நின்றது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இடதுபக்கக் குப்பியின் மேல்பாகம் மெல்லத் தெளிந்தது. வெள்ளைத் துகள் கீழே கீழே இறங்கி அடியில் போய்ப் படிந்தது. வலதுபக்கத்தில் இருந்த புது மருந்து அப்படியே கலங்கி நின்றது. அத்தா இரண்டையும் மறுபடி ஒருமுறை குலுக்கி வைத்து, மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் கையில் மருதாணி இன்னும் மங்காமல் இருந்தது. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுக்கு முன்னாடி போட்டது ரெண்டும் சரிதானா?"

"அது நான் பாத்துப் போட்டது. சரி" என்றார் சிஸ்டர்.

அவ்வளவுதான். அவள் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். நான் திரும்பி நின்றுகொண்டேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஊசி போட்டால் அரை மணி நேரம் உடனிருந்து பார்த்துவிட்டுத்தான் போவார். மயக்கம் வந்தாலோ மூச்சு முட்டினாலோ கொடுக்க வேண்டிய மருந்தும் பையில் இருந்தது. மற்றவர்கள் சாமான் கட்டப் போனார்கள். பெண்ணும் சின்னம்மாவும் சிஸ்டரும் மட்டும் ஹாலில் இருந்தார்கள், கதவோரம் நான். அந்தப் பெண் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில், சின்னம்மா தனக்கு இந்த ஊசி வேண்டாமா என்று கேட்டார். அவர் வயது நாற்பத்தெட்டு. உங்கள் வயதுக்குப் பரிசோதனைதான் முக்கியம் என்றார் சிஸ்டர். சின்னம்மா என்னை ஒருதரம் பார்த்தார். நான் நகரப் போனேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"எனக்கு மாசா மாசம் வர்றது நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு சிஸ்டர். இப்ப ஆறு மாசமா திரும்பவும் படுது. எங்க அக்காவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு."

சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா, அது ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லிடுவாங்க. அக்காகிட்ட நானே அப்பிடித்தான் சொன்னேன். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது."

பயப்பட வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது கல்நெஞ்சமாகப் பட்டது. "இன்னான்னு பாத்துட்டுச் சொல்லலாம். பொண்ணை அனுப்பிட்டு சனிக்கிழமை காலைல முண்டியம்பாக்கம் வாங்க. பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பிங்ல நான் நின்னுக்கினு இருப்பேன்" என்றார். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் நின்றார். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் போனார். புற்றுநோய்தான். ஆனால் பரவுவதற்கு முன்னால் பிடித்துவிட்டார்கள். ஆபரேஷன் நடந்தது.

ஒரு வருஷம் கழித்து அந்த அம்மா கிளினிக்குக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது. இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். அக்கா மகள் துபாயிலிருந்து அனுப்பியதென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு, சிஸ்டரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது போல் இருந்தது எனக்கு. நான் அன்றைக்கு அந்தச் சம்படத்தை ஃபிரீசரில் வைக்காமல் இருந்திருந்தால் நாம் கோட்டக்குப்பம் போயிருக்கவே மாட்டோம், இந்த அம்மா வாயைத் திறந்திருக்கவும் மாட்டார், எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கிறது சிஸ்டர் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "நாம போறதுக்குள்ள அந்தப் பொண்ணு கெளம்பியிருந்தா, தம்பி?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் டிகிரி எவ்வளவு என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். பிறகு பெட்டியைப் பிரித்து, பாதிப் பழத்தை ஒரு தாளில் கொட்டி, மடித்து என் மேசை மேல் வைத்தார்.

"புள்ளைங்களுக்கு எடுத்துக்கினு போங்க. நல்ல சேதிதான் இது. ஆனா அந்தம்மாவோட சேதி. நம்மளது இல்ல."